அக்காவின் தலையில் வைத்த பாவம்

பாவநிவாரணத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத வருஷம் ஒன்று என் வாழ்க்கையில் இருந்ததாக நினைவில்லை. தவக்காலம் தொடங்கினால் அதேதான். குற்றமில்லாத ஒருவர் குற்றவாளிகளுக்குப் பதிலாக நின்றார். நாம் சுமக்க வேண்டியதை அவர் சுமந்தார். அதனால் நாம் தப்பினோம். சின்ன வயதில் இதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஒருவர் பிரசங்க பீடத்தில் நின்று இதை உருக்கமாகச் சொன்னால், அந்த மனுஷன் வீட்டில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்றுதான் என் புத்தி முதலில் போகும். இந்தக் கெட்ட பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் என் அக்காவின் கணவர்.

அத்தான் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சபை நடத்திய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் போதகர் ரப்பர் தோட்டங்களுக்குப் போய்விட்டால் அவரே பிரசங்கியார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பலகை வீடு ஒன்றைச் சபை அவருக்குக் கொடுத்திருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டின் கழுத்துப் பொத்தானை அந்த வெயிலிலும் அவிழ்க்க மாட்டார். காவடி ஊர்வலம் தெருவில் வந்தால் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, உரத்த குரலில் சங்கீதம் வாசிப்பார். மேளம் நின்ற பிறகுதான் அவரும் நிறுத்துவார். தெருவே சிரிக்கும். அக்காவும் அடுக்களைக்குள் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அக்காவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிரசவத்துக்கு உதவியாக என்னைக் கிள்ளானிலிருந்து ரயிலேற்றி அனுப்பினார்கள். எனக்கு அப்போது கல்யாண வயது வந்து, கொஞ்சம் தாண்டியும் போயிருந்தது. பையன் பிறந்தான். நான் அப்படியே தங்கி, பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தேன்.

சுற்றிலும் ரயில்வே பட்டறைக்காரர்கள் குடும்பங்கள். பெரும்பாலும் கோயிலுக்குப் போகிறவர்கள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் அக்காவோடு நல்ல சிநேகம். பொங்கலன்று தூக்குச் சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பாள். அக்கா வாங்கிக்கொள்வாள். "விக்கிரகத்துக்குப் படைச்சத வாங்கித் திங்கிறியே" என்று அத்தான் கத்துவார். அக்கா, "அவங்க அடுப்புல வச்சதுதான் திங்கிறேன்" என்பாள். இந்தச் சண்டை சபையில் எல்லாருக்கும் தெரியும். அத்தானே பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறார், பெயர் சொல்லாமல், அக்கா இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு.

பிள்ளைக்குக் கழுத்து நின்ற சமயத்தில் காய்ச்சல் வந்தது. அந்தக் காலத்தில் காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் ஒரே பயம். டாக்டருக்கு அடுத்தபடியான ஆஸ்பத்திரி டிரெசர் வந்து கொயினா மருந்து கொடுத்தார். இறங்கவில்லை. உடம்பு வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. டிரெசர் மறுபடியும் வந்து பார்த்தார். "கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தாச்சு வாத்தியாரே, ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். அத்தான் முழங்காலில் நின்றார். பொழுது சாயும்வரை நின்றார். பிறகு எழுந்து கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே போனார். போதகரைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். ஒரு கையில் வாழையிலைத் துண்டில் மடித்த திருநீறு. இன்னொரு கையில் கறுப்புக் கயிற்றில் கோத்த செம்புத் தாயத்து. மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார்! அக்கா வாயைத் திறந்தபடி நின்றாள். அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பிள்ளையின் நெற்றியில் திருநீற்றைப் பூசினார். தாயத்தை இடுப்பில் கட்டப் போனார். இரண்டு தடவை கட்டியும் முடிச்சு விழவில்லை. நான்தான் விளக்கைப் பக்கத்தில் பிடித்தேன்.

"ஒரு மண்டலம் கழட்டக் கூடாதுன்னு பூசாரி சொன்னாரு" என்றார். பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த மனுஷனை எனக்குப் பிடித்திருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அன்றைக்கு அவர் பிரசங்கியார் இல்லை, வாத்தியார் இல்லை, வெறும் தகப்பன். கடவுளிடம் பேச முடியாமல் போனவர் கண்ட கதவையெல்லாம் தட்டிவிட்டு வந்திருந்தார். இதைப் பாவம் என்று சொல்ல எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. கொயினா வேலை செய்ததோ, ஜெபம் கேட்கப்பட்டதோ, அம்மன் பார்த்தாளோ, விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

பிள்ளை தேறியதும் போதகர் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார். மண்டலம் முடியவில்லை. அக்கா தாயத்தைக் கழற்றிவிடலாம் என்றாள். அத்தானுக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"கழட்டி, மறுபடியும் வந்துட்டா? நீயா பொறுப்பு?"

"நம்ம சபைக்குள்ள எப்படிங்க அதோட தூக்கிட்டுப் போறது?"

"உடுப்பு நீளமாத்தானே தச்சிருக்கா உன் தங்கச்சி. யாருக்குத் தெரியப்போவுது?"

நீளமாகத்தான் தைத்திருந்தேன். பாதத்துக்குக் கீழே ஒரு முழம் தொங்கும் வெள்ளை மஸ்லின். ஆனால் தலையில் தண்ணீர் விழுந்ததும் பிள்ளை காலை உதைத்துக்கொண்டு வீரிட்டான். போதகரின் கையில் உடுப்பு இடுப்புவரை ஏறியது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் அந்தச் செம்பு பளிச்சென்று மின்னியது. பெண்கள் பக்கத்தில் "ஐயையோ" என்று ஒரு குரல். பிள்ளையை ஏற்கும் ஞானத்தாயாக நின்றவள் சபைக் கமிட்டித் தலைவரின் மனைவி. அவள் தீயைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

இவர்கள் எல்லாருக்கும் தாயத்து என்றால் என்னவென்று தெரியாதா? பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடாத வீடு எங்கள் சபையில் ஒன்று இருந்தால் காட்டட்டும். அந்த ஞானத்தாயே வெள்ளிக்கிழமை நகம் வெட்ட மாட்டாள். ஆனால் உப்பும் மிளகாயும் வைத்தியமாம், தாயத்து விக்கிரக ஆராதனையாம்.

ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறைக்குள் கூப்பிட்டார்கள். போதகர், கமிட்டிக்காரர்கள், அத்தான், அக்கா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான். போதகர் கேட்டார்: "இத யார் கட்டினது?"

 அத்தான் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். எல்லாருடைய கண்களும் அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் போயின. பிறகு அவர் சொன்னார்: "வீட்டுல பொம்பளைங்க... பக்கத்து வீட்டுச் சகவாசம்... நான் எத்தனையோ தடவ கண்டிச்சிருக்கேன்யா."

அது பொய்கூட இல்லை என்பதுதான் கொடுமை. கண்டித்திருந்தார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலை குனிந்த பெண் ஒப்புக்கொண்டவள் என்று அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். இது தெரிந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், இந்த நோஞ்சான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று கேட்டார். "உனக்கு என்ன போவப்போவுது? கொஞ்ச நாள் பின்னால உக்காருவ. அவ்வளவுதானே?" அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. அவர் அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

எங்கள் சபையில் தண்டனை பெற்றவர்களுக்கு ஒரு முறை உண்டு. திருவிருந்தில் பங்கு கிடையாது. கதவோரத்தில், செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அங்கேதான் உட்கார வேண்டும். கடைசியில் ஒரு நாள் எழுந்து நின்று, சபைக்கு முன்னால் குற்றத்தைத் தன் வாயால் சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் பழைய இடம். அக்காவுக்கு ஈஸ்டர் ஞாயிறு என்று தீர்மானித்தார்கள். அதுவரை கள்ளுக்கடையில் பிடிபட்ட ஒருவரும் அவளும் அந்தப் பெஞ்சின் இரண்டு ஓரங்களிலும் உட்கார்ந்தார்கள். அவர் ஒரு நாள் அவளிடம், "தாயி, நீ என்ன பண்ணின?" என்று கேட்டாராம். "புள்ள பெத்தேன்" என்றாளாம் அக்கா.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் அக்காவிடம் சொல்லாமல் போதகர் வீட்டுக்குப் போனேன். தாயத்தைக் கொண்டுவந்தவர் யார், கட்டியவர் யார், விளக்குப் பிடித்தவள் யார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்மா" என்றார். "ஞானஸ்நானம் முடிஞ்ச அடுத்த நாளே வாத்தியார் வந்து எங்கிட்ட எல்லாத்தையும் அறிக்கை பண்ணிட்டார். ரொம்ப அழுதார். உண்மையான மனஸ்தாபம்."

"அப்ப எங்கக்கா எதுக்குய்யா பின்னால உக்காந்திருக்கா?"

"சபை சின்னது. சுத்தி முழுக்க அம்மன் கோயிலுக்குப் போறவங்க. பிரசங்கியாரே கோயிலுக்குப் போனார்னு தெரிஞ்சா, நாளைக்கு யார் இங்க நிப்பாங்க? ஒரு பொம்பள அறியாமல செஞ்சான்னா ஜனங்க மறந்துடுவாங்க. சபை முழுக்க இடறிப் போறதுக்கு, ஒருத்தர் தாங்கிக்கிட்டா நல்லதுதானே?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஐயா, ஜனம் முழுக்க அழியறதுக்கு ஒருத்தன் சாவுறது நல்லதுன்னு வேதத்துல சொன்னது யாரு? ஆண்டவரச் சாகக் கொடுத்த அந்தப் பிரதான ஆசாரியன்தானே?" என்று கேட்டேன்.

அவர் முகம் சிவந்தது. அவர் கெட்டவர் இல்லை. காலரா வந்த காலத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களுக்குள் போய்ப் பிணத்தைத் தன் கையால் தூக்கியவர். அந்தக் கேள்வி அவருக்குத் தைத்தது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால், "பொம்பளப் புள்ள இவ்வளவு பேசக் கூடாது, வீட்டுக்குப் போ" என்றுதான் சொன்னார். தைத்ததைப் பிடுங்கிப் போடத் தெரிந்தவர்கள்தானே போதகர்களாகிறார்கள்.

பெரிய வெள்ளியன்று எங்களுக்கு மும்மணி ஆராதனை. பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணிவரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். சிலுவையில் தொங்கிக்கொண்டு ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். யாருக்கு எந்த வார்த்தை என்று மாசக்கணக்கில் போட்டி நடக்கும். அந்த வருஷம் ஆறாம் வார்த்தை அத்தானுக்கு வந்தது. எல்லாம் முடிந்தது, பாவத்துக்கான பலி நிறைவேறிவிட்டது என்கிற வார்த்தை.

அவர் பேசியதைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் யாரும் பேசிக் கேட்டதில்லை. பழைய ஏற்பாட்டின் போக்காட்டைப் பற்றிச் சொன்னார். ஆசாரியன் வெள்ளாட்டின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் பாவங்களையெல்லாம் அதன்மேல் அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவான், ஆடு பாவத்தைச் சுமந்துகொண்டு போய்விடும், பாளையம் சுத்தமாகிவிடும். கைகளை அவர் காற்றில் வைத்துக் காட்டியபோது அந்த ஆடே எங்களுக்குக் கண்ணில் தெரிந்தது. பெண்கள் விசும்பினார்கள். அத்தானின் கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது. நடிப்பு இல்லை அது. தன்னுடைய பாவம் போய்விட்டது என்று மனதார உணர்ந்த மனுஷனின் கண்ணீர்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கதவோரத்தில் அக்கா பிள்ளையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பாவநிவாரணத்தை எங்கள் ஆட்கள் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பதிலாக இன்னொருவர் சுமப்பார் என்பது நன்றாகக் காதில் விழுந்திருக்கிறது. யார் சுமந்தார் என்பது விழவில்லை. துரோகம் செய்யப்பட்டவரே, மேலே இருந்தவரே இறங்கி வந்து சுமந்தார் என்பதுதான் அந்தச் செய்தி. இவர்களோ இருக்கிறவர்களில் யார் கீழே என்று தேடி, அவர் தலையில் கையை வைக்கிறார்கள். பிறகு கண்ணீர் விட்டு ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். எழுந்து நின்று கத்திவிடலாம் என்று கால் துடித்தது. கத்தினால் தெருவுக்கு வருவது அத்தான் மட்டும் இல்லையே. அக்காவும் அந்த நோஞ்சான் பிள்ளையும்தானே கூட வருவார்கள். அது தெரிந்துதான் அந்த மனுஷன் அவ்வளவு தைரியமாக அழுதார்.

ஈஸ்டர் அன்று அக்கா எழுந்து நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்பதைப் போதகர் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார். அறியாமையினால் அந்நிய வழிபாட்டுக்கு இடம் கொடுத்தேன், என் வீட்டாருடைய நல்ல பேருக்கும் சபைக்கும் இழுக்கு உண்டாக்கினேன், மன்னிக்கும்படி கேட்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள், ஒரு சொல் பிசகவில்லை. ஞானத்தாய் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். திருவிருந்தில் அத்தானுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை மடித்துக்கொண்டே அத்தான் சொன்னார்: "முடிஞ்சு போனத இனி யாரும் பேச வேண்டாம். சபையும் மன்னிச்சிடுச்சு. நானும் மனசுல எதுவும் வச்சிக்கல."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். முதலில் நான், மனுஷன் வெட்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அன்றையிலிருந்து அவருக்கு அது உண்மையாகிவிட்டது. தன் பாவத்தை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டார், அது தன்னுடையது என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. கடவுள் பாவங்களை மறந்துவிடுவார் என்று கேட்டிருக்கிறேன். பாவம் செய்தவரே மறப்பதை நான் என் கண்ணால் கண்டேன்.

எனக்குக் கிள்ளானிலேயே மாப்பிள்ளை அமைந்தது. பெரிய வெள்ளம் வந்து போயிற்று. ரப்பர் விலை விழுந்து ஊரே கஷ்டப்பட்டது. அத்தான் தலைமை வாத்தியாராகி, கமிட்டித் தலைவரும் ஆனார். அந்தப் பையனும் வளர்ந்து அவனுக்கு மீசை அரும்பியது. நோஞ்சான் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. சபையின் முழு அங்கத்தினனாக அவனை ஏற்கும் திடப்படுத்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். பாவநிவாரணம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, பையன் வகுப்பிலேயே முதலாவதாகப் பதில் சொன்னானாம். அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். பையன் சோற்றைப் பிசைந்துகொண்டே திடீரென்று தலையை நிமிர்த்தினான்.

"ஏம்மா, நீ கோயில்ல தாயத்து வாங்கி எனக்குக் கட்டினியாமே. சபைக்கு முன்னால நிக்க வச்சாங்களாமே. பசங்க இன்னைக்குங்கூட சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறானுங்க. எனக்கு எவ்வளவு அசிங்கமா இருந்திச்சு தெரியுமா?"

அவன் உயிருக்காகச் செய்யப்பட்ட காரியம் அது. அவன் அசிங்கம் என்கிறான். என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். அவர் என் முழங்கையைத் தொட்டு அடக்கினார்.

அத்தான் பெரிய மனது பண்ணிக் கையைத் தூக்கினார். "அப்படிப் பேசாதப்பா. அம்மா அறியாம செஞ்சா. நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன். ஆண்டவர் நமக்காகச் சிலுவைய சுமந்தாரே, நாம ஒருத்தர ஒருத்தர் மன்னிக்க வேணாமா?"

அக்கா சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. என்னிடம்கூட. அவள் பையனைப் பார்த்துத்தான் பேசினாள், கோபம் இல்லாத குரலில்.

"ஆண்டவரு தானாப் போனாருப்பா. என்னைய அனுப்பி வச்சாங்க."

பையனுக்கு விளங்கவில்லை. "எங்க அனுப்பினாங்க?" என்று கேட்டான். அக்கா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

அத்தானின் கை தட்டிலேயே நின்றது.  ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். அக்காவும் காத்திருந்தாள், நிமிராமல், கையில் அகப்பையோடு, அந்த ஒரு வார்த்தைக்காக நின்றாள்.

"ரசம் இருக்கா?" என்றார் அத்தான்.

அக்கா ஊற்றினாள்.